மகலூஃபுக்குக் குடும்பத்தோடு போனோம்

"குடும்பத்தோடயா?" என்று கேட்டுவிட்டு அலுவலக நண்பர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மே மாதக் கடைசியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை, ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் மகலூஃபுக்குப் போகிறோம் என்று சொன்னேன், அவ்வளவுதான். பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கினார். அதற்கு அடுத்த மேசைக்காரர் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "எங்கே, எங்கே?" என்றார். நான் லண்டனுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஆனாலும் பிரிட்டிஷ்காரர்கள் மனதில் சில ஊர்ப் பெயர்களுக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு இப்படித்தான், தாமதமாக, யாராவது சிரித்த பிறகுதான் வந்து சேரும்.

பிறகு ஒருவர் இரக்கப்பட்டு விளக்கினார்: பிரிட்டிஷ் இளைஞர்கள் கூட்டமாகப் போய் இரவு முழுக்கக் குடித்துக் கூத்தடிக்கும் ஊராம் அது. பத்தொன்பது வயதில் ஏழு நண்பர்களோடு அங்கே ஒரு வாரம் இருந்தாராம். "கடற்கரை எப்படி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கடல் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்" என்றார்.

நான் அந்த ஹோட்டலைப் பிடித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. மணலுக்கு ஐந்து நிமிட நடை, சாப்பாடு சேர்த்து விலை, விலையும் கைக்கு அடக்கம். தவிர, இணையத்தில் அந்த ஹோட்டல் பக்கம் முழுக்க 'கல்வியா' என்றுதான் போட்டிருந்தது. மகலூஃப் என்ற சொல் வரைபடத்தில் பொடி எழுத்தில் மட்டும். கல்வியா என்பது நகராட்சியின் பெயர், மகலூஃப் அதில் ஒரு பகுதி, எனவே அவர்கள் போட்டது பொய் இல்லை. (தமிழில் எழுதினால் "கல்வியா?" என்று யாரோ சந்தேகப்பட்டுக் கேட்பது மாதிரி இருக்கிறது. அந்த ஊரின் இரவுகளைப் பற்றிப் படித்த பிறகு எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.)

போவதற்கு முன் இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். மனைவிக்குத் தெரியாமல்தான். தெரிந்திருந்தால் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லியிருப்பார்.

1960 வாக்கில் கல்வியா முழுவதிலும் சுமார் 3,000 பேர்தான் இருந்தார்கள். பாதாம், ஆலிவ், ஆடு, கொஞ்சம் மீன். இன்றைக்கு அங்கே குடியிருப்பவர்களே ஐம்பதாயிரத்துக்கு மேல், அது போக ஹோட்டல் படுக்கைகள் அறுபதாயிரத்துக்குப் பக்கம். ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் ஆட்சிக்கு வெளிநாட்டுப் பணம் தேவைப்பட்டது, பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை இருந்தது, மொத்தமாக வாடகைக்கு எடுத்த விமானங்கள் வந்துவிட்டன. மணலை ஒட்டிக் கட்டடங்கள் வரிசையாக எழும்பின. இடைவெளி விட்டுக் கட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியவர்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அந்தக் கட்டடங்கள் எப்படி ஓடின என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியமான பகுதி. பயண நிறுவனம் முந்தைய வருடமே ஹோட்டல்காரரோடு பேசி அறைகளை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். அறை காலியாகக் கிடக்குமோ என்ற பயம் அவருக்குப் போய்விடும், கூடவே விலை சொல்லும் உரிமையும் போய்விடும். வருடத்தில் ஆறு மாதம்தான் வியாபாரம், அந்த ஆறு மாதமும் இன்னொருவர் சொன்ன விலைக்கு என்றால் ஹோட்டல்காரர் எதில் மிச்சம் பிடிப்பார்? சாப்பாட்டில் பிடிப்பார், பெயின்டில் பிடிப்பார், மெத்தையை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவார். அறை பழசாகும். பழைய அறைக்கு அடுத்த வருடம் இன்னும் குறைத்துக் கேட்பார்கள். இப்படி இறங்கி இறங்கி ஒரு கட்டத்தில், அறை எப்படி இருந்தால் எனக்கென்ன, நான் அதில் தூங்கப்போவதே இல்லையே என்கிற வயதுக்காரர்கள் மட்டும்தான் அந்த விலைக்கு வருவார்கள். அவர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரும் பேருந்திலேயே நிறுவனத்தின் ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே டிக்கெட்டில் நாலைந்து பார், இரவு முழுக்கக் குடி என்று விற்பார். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அவருக்குக் கமிஷன் உண்டு. சம்பளத்தைவிடக் கமிஷன்தான் அவருக்கு முக்கியம்.

குடிகாரப் பையன்கள் வந்து ஊரைக் கெடுத்தார்கள் என்று சொல்வது அதனால் பாதிதான் உண்மை. பையன்கள் தானாக வழிதவறி வரவில்லை. கூப்பிட்டு, பேருந்தில் ஏற்றி, ரசீது போட்டு, பார் வாசலில் இறக்கிவிட்டார்கள்.

அந்த வாசல்கள் இருக்கும் தெருவின் பெயர் புன்டா பயேனா. திமிங்கல முனை என்று அர்த்தம். அழகான பெயர், ஆனால் பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகளை மாற்றி ஒரு கெட்ட வார்த்தையை ஒட்டி ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள், அது ஊர்ப் பெயரைவிடப் பிரபலமாகிவிட்டது. தொலைக்காட்சியில் நிகழ்ச்சி வேறு. 2014 கோடையில் ஒரு பாரில் எடுத்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. ஓர் இளம்பெண்ணிடம் பலர் முன்னிலையில் செய்யக்கூடாததைச் செய்தால் 'ஹாலிடே' பரிசு என்று சொல்லியிருக்கிறார்கள். விடுமுறைப் பயணம் என்று அவர் நினைத்துக்கொண்டார். 'ஹாலிடே' அங்கே விற்கும் ஒரு காக்டெயிலின் பெயராம். அபராதம் போட்டார்கள், பாரை மூடச் சொன்னார்கள். ஆனால் நான் படித்த செய்திகளில் முக்கால்வாசி அந்தப் பெண் செய்ததைப் பற்றித்தான் பேசின. அந்த மாதிரி ஒரு காக்டெயிலுக்குப் பெயர் வைத்து உட்கார்ந்திருந்தவரைப் பற்றி ஒன்றிரண்டு வரிகள்தான்.

இன்னொன்றையும் படித்தேன், படித்த பிறகு கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன். அறையின் பால்கனியிலிருந்து பக்கத்துப் பால்கனிக்குத் தாவுவது, அல்லது நீச்சல்குளத்தைக் குறிவைத்துக் குதிப்பது. இதற்கு ஸ்பானிய மொழியில் 'பால்கனிங்' என்று தனியாக ஒரு சொல்லே உண்டாகிவிட்டது. தீவின் தலைநகர் பால்மாவில் இருக்கும் சோன் எஸ்பாசெஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள் 2011 முதல் 2015 வரை இப்படி விழுந்து தங்களிடம் வந்தவர்களை எண்ணியிருக்கிறார்கள். 46 பேர். ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள், சராசரி வயது 24, சராசரியாக விழுந்த உயரம் 8 மீட்டர். பாதிக்கு மேல் பிரிட்டிஷ்காரர்கள். மருத்துவமனைக்கு உயிரோடு வந்தவர்களின் கணக்குதான் இது.

சரி, நாங்கள் போன கதைக்கு வருகிறேன்.

முதல் நாள் இரவு எதுவும் தெரியவில்லை. ஹோட்டல் அந்தத் தெருவிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. பால்கனியில் கண்ணாடித் தடுப்பு என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. ஒன்பது வயது மகளுக்குக் கடல் தெரியவில்லை, நாற்காலியில் ஏறிப் பார்க்கிறேன் என்றாள், வேண்டாம் என்று நான் போட்ட சத்தத்தில் மனைவி ஓடி வந்தார். எதற்கு இவ்வளவு சத்தம் என்று கேட்டார். 46 பேரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு நான் மட்டும் எழுந்து புன்டா பயேனாவைப் பார்க்கப் போனேன். தெரு நான் நினைத்ததைவிடச் சின்னது. இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரிகிறது. இவ்வளவு தூரத்துக்கா இவ்வளவு பெயர் என்று தோன்றியது. தண்ணீர் வண்டி ஒன்று தெருவைக் கழுவிக்கொண்டே மெதுவாக வந்தது, முன்னால் ஒருவர் நடந்தபடி ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் டம்ளர்களை நடுத்தெருவுக்குத் தள்ளிவிட்டார், வண்டி அவற்றை வாரிக்கொண்டது. பிளீச்சிங் வாசனை, அதற்கு அடியில் இனிப்பான வேறொரு வாசனை, பழச்சாறு புளித்துப் போன மாதிரி. நடைபாதை விளிம்பில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், இருபது வயதுகூட இருக்காது, ஒரு காலில் மட்டும் செருப்பு. தூங்குகிறான் என்று நினைத்தேன், இல்லை, போனில் சார்ஜ் இல்லாமல் ஹோட்டல் பெயர் மறந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தது, அதிலேயே ஹோட்டல் பெயர் இருந்தது. காட்டினேன். பட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவ்வளவு மரியாதையாக எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. ஒற்றைச் செருப்போடு நடந்து போனான். தண்ணீர் வண்டிக்காரர் அவனுக்காக வண்டியை நிறுத்தி வழிவிட்டார், முகத்தில் கோபமும் இல்லை சிரிப்பும் இல்லை. தினமும் பார்ப்பதுதானே.

அந்தத் தெருவுக்கு இப்போது சட்டம் இருக்கிறது. 2020 ஜனவரியில், மயோர்க்காவும் சேர்ந்த பலேரிக் தீவுகளின் அரசு 'அத்துமீறல் சுற்றுலா'வுக்கு எதிராக ஓர் அவசரச் சட்டம் போட்டது. தீவுகள் முழுவதற்கும் இல்லை, மயோர்க்காவில் மகலூஃப், பிளாயா தே பால்மா, இபிசாவில் சான்ட் அந்தோனியின் வெஸ்ட் எண்ட், இந்த மூன்று இடங்களுக்கு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று மது விற்கக் கூடாது, குறைந்த விலை நேரம் என்று போர்டு வைக்கக் கூடாது, கூட்டமாக பார் பாராகக் கூட்டிப்போகும் டிக்கெட் கூடாது, கேளிக்கைப் படகுகள் அங்கே ஆள் ஏற்றவும் இறக்கவும் கூடாது. கடைகளில் இரவு 9.30 முதல் காலை 8 வரை மது விற்பனை கிடையாது. பால்கனியிலிருந்து குதிப்பவரை ஹோட்டல் உடனே வெளியே அனுப்ப வேண்டும். மீறினால் அபராதம் 6 லட்சம் யூரோ வரை போகலாம், கடையை மூன்று வருடம் வரை மூடலாம். சாப்பாடு சேர்த்த ஹோட்டல்களில் மதியம் மூன்று, இரவு மூன்று, அதற்கு மேல் மது வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். எங்கள் பக்கத்து மேசையில் இருந்த ஒரு தாத்தா இதைப் பற்றி வாரம் முழுக்கப் புலம்பினார். அவர் குடித்தது தினமும் இரண்டு.

போட்ட அதே வருடம் சட்டத்துக்குச் சோதனை வந்தது. கொரோனா அடங்கி, விமானங்கள் மறுபடி பறக்க ஆரம்பித்து சில நாட்களிலேயே புன்டா பயேனாவில் பையன்கள் கார்கள் மேல் ஏறிக் குதிக்கும் வீடியோ வந்தது. முகக்கவசம் ஒருவரிடமும் இல்லை. ஜூலை நடுவில் அந்தத் தெருவின் பார்களை அரசு மூடியது. 2024இல் சட்டத்தைப் புதுப்பித்து, பார்களின் இருக்கைகளைத் தவிரத் தெருவில் எங்குமே குடிக்கக் கூடாது என்றார்கள். மீறுபவர்களுக்கு 500 முதல் 1,500 யூரோ வரை அபராதம்.

சட்டத்தை நான் கிட்டத்தில் பார்த்தது ஒரு மளிகைக்கடையில். மகளுக்குத் தண்ணீர் பாட்டிலும் சூரியனுக்குப் பூசும் களிம்பும் வாங்கப் போனேன், இரவு ஒன்பது இருபத்தைந்து இருக்கும். கடைக்காரர் பஞ்சாப்காரர். என் உடைந்த இந்தியைக் கேட்டதும் முகம் மலர்ந்து "வாங்க பாய்சாப்" என்றார். பேசிக்கொண்டே ஒரு கம்பியை எடுத்து மேலே மாட்டியிருந்த திரையைக் கீழே இழுத்தார். பீர், வோட்கா எல்லாம் திரைக்குப் பின்னால் போயின. வாசலில் நான்கு பெண்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள், மணியைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், "இரண்டு நிமிடம் இருக்கிறதே!" என்றார்கள். அவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். அது மூன்று நிமிடம் முன்னால் ஓடியது. வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறாராம். 9.31க்கு ஒரு பாட்டில் விற்று மாட்டிக்கொள்வதைவிட, 9.27க்கு நான்கு பேரிடம் திட்டு வாங்குவது மேல் என்றார்.

வியாபாரம் பாதித்ததா என்று கேட்டேன். "பாதித்தது. ஆனால் ராத்திரி தூங்குகிறேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பார்காரர்களுக்கு நல்லதுதான். என்னிடம் வாங்காவிட்டால் அவர்களிடம்தானே போகவேண்டும், மூன்று மடங்கு விலைக்கு" என்று சேர்த்துக்கொண்டார். சட்டத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

இனி கட்டடங்கள். ஊரை மாற்ற வேண்டும் என்பது இப்போது வந்த ஞானம் இல்லை. தொண்ணூறுகளிலேயே கல்வியா நகராட்சி இதில் இறங்கியது. 1995இல் மகலூஃபில் அட்லாண்டிக் என்ற ஹோட்டலை இடித்து அந்த இடத்தைத் திறந்தவெளியாக விட்டார்கள், வேறு சில கட்டடங்களையும் இடித்தார்கள், கடற்கரையோரம் நடைபாதை போட்டார்கள். ஹோட்டல் கட்டிப் பணக்காரனான ஊர் ஹோட்டலைக் காசு கொடுத்து வாங்கி இடிக்கிறது என்பது அப்போது பெரிய செய்தி. நீடித்து நிற்கும் நகரம் என்று 1997இல் ஐரோப்பிய விருதுகூடக் கிடைத்தது. ஆனால் நான் கேட்ட சிரிப்பில் அந்த விருது எங்கேயும் இல்லை. நடைபாதை வந்தது, பட்டப்பெயர் போகவில்லை.

அப்புறம் 2010களில் மெலியா என்ற ஹோட்டல் நிறுவனம் வந்தது. வந்தது என்று சொல்வதே தப்பு, அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். கப்ரியேல் எஸ்காரெர் என்பவர் 1956இல், இருபத்தொரு வயதில், பால்மாவில் ஒரு சிறு விடுதியைக் குத்தகைக்கு எடுத்து ஆரம்பித்த நிறுவனம் அது, இன்றைக்கு உலகம் முழுக்க ஹோட்டல்கள். மகலூஃபில் அவர்களுக்குப் பழைய ஹோட்டல்கள் பல இருந்தன. ஒவ்வொன்றாகப் புதுப்பித்தார்கள். 20 கோடி யூரோவுக்கு மேல் செலவு என்கிறார்கள். 2018இல் கடைத்தெரு மாதிரி ஒரு வளாகத்தைத் திறந்தார்கள், கூடவே ஒரு ஹோட்டல். அதன் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, அந்தரத்தில், கண்ணாடித் தரை போட்ட நீச்சல்குளம்.

அந்தக் குளத்துக்குக் கீழே நாங்கள் மூவரும் கழுத்து வலிக்க நின்றோம். மேலே ஒருவர் நீந்திப் போனார். கீழிருந்து பார்க்க உள்ளங்கால் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு வயிறு, பிறகு நிழல். மகளுக்கு அது வாரத்தின் பெரிய அதிசயம். எனக்கு வேறொன்று தோன்றியது. பத்து வருடத்துக்கு முன் இதே ஊரில் உயரமும் நீச்சல்குளமும் சேர்ந்தால் அது ஆம்புலன்ஸ் செய்தி. இப்போது அதே இரண்டையும் சேர்த்துக் கண்ணாடியில் கட்டிப் புகைப்படம் எடுக்க வைத்திருக்கிறார்கள். யாரோ யோசித்துத்தான் செய்தார்களா, தற்செயலா, தெரியாது. சாமர்த்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த முழுத் திட்டத்துக்கும் அவர்கள் வைத்த பெயர் 'கல்வியா பீச்'. மகலூஃப் பீச் இல்லை. நான் இணையத்தில் பார்த்த அதே தந்திரம். வட பக்கம் நடந்தால் பால்மா நோவா என்ற அடுத்த கடற்கரை ஊர் வந்துவிடும், எங்கே இது முடிந்து அது ஆரம்பிக்கிறது என்று கட்டடங்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் பால்மா நோவா என்று போர்டு இருந்தால் குழந்தைகளோடு வருகிறவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். எல்லையில் இருக்கும் ஹோட்டல்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்ப்பதே ஒரு வேடிக்கை. எண்ணிப் பார்த்தேன், மகலூஃப் பக்கம் சாய்ந்த ஒன்றையும் காணவில்லை. சில வருடங்களாக அங்கே இலக்கியத் திருவிழா நடத்துகிறார்கள், அதன் பெயரில் மட்டும் துணிந்து மகலூஃப் என்று வைத்திருக்கிறார்கள். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்தது. எழுத்தாளர்களுக்கு இழக்க என்ன இருக்கிறது.

எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் கொலம்பியாவிலிருந்து வந்த ஐம்பது வயது அம்மா. என் மகள் பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறாள், அவளை நடுவில் வைத்துக்கொண்டுதான் பேசினோம். முதல் நாள் அவர் கட்டிலுக்குக் கீழே கால்விரலால் எதையோ அழுத்தினார், கட்டில் மெதுவாக அவர் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. மகள் கைதட்டினாள். அவர் இன்னொரு முறை இறக்கி ஏற்றிக் காட்டினார். 2022இல் வந்த சட்டம் இது, தீவுகளின் ஹோட்டல்கள் இப்படி எழும்பும் கட்டில்களுக்குப் படிப்படியாக மாற வேண்டும். அதற்கு முன்பு ஒரு நாளைக்கு இருபது அறை, ஒவ்வொரு மெத்தைக்கும் குனிந்து, தூக்கி, விரிப்பைச் செருகி. முதுகில் கைவைத்துக் காட்டினார், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஹோட்டலைப் புதுப்பித்தார்கள் என்றால் நான் வரவேற்பறையையும் கூரையில் இருக்கும் குளத்தையும்தான் பார்க்கிறேன். அவருக்குப் புதுப்பித்தல் என்றால் அந்தக் கால்விசை.

ஊர் இப்போது பரவாயில்லையா என்று கேட்கச் சொன்னேன். மகள் கேட்டாள். நீளமாகப் பதில் வந்தது, மகள் சுருக்கினாள்: "வாந்தி குறைஞ்சிருச்சாம். வீட்டு வாடகை கூடிருச்சாம்."

சுருக்கத்துக்காக விட்டுப்போனதையும் பிறகு கேட்டு வாங்கினேன். முன்பு ஒரு அறைக்கு ஆறு பையன்கள் இருப்பார்கள், கதவைத் திறக்கவே பயமாக இருக்குமாம். இப்போது அந்தப் பயம் இல்லை. ஆனால் நல்ல ஹோட்டலாகிவிட்டதால் கண்ணாடியில் ஒரு விரல்ரேகை இருந்தாலும் வரவேற்பறைக்குப் புகார் போகிறது. வேலை ஆறேழு மாதம்தான், நிரந்தர வேலைதான் ஆனால் பருவத்துக்கு மட்டும், 'ஃபிஹோ தீஸ்கொன்டினுவோ' என்று அதற்குப் பெயர், நவம்பரில் வீட்டுக்கு அனுப்பி வசந்தத்தில் கூப்பிடுவார்கள். வாடகை பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு. அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் வண்டியில் தங்குகிறார். வண்டி என்றால் கேரவன் என்று நினைத்தேன். இல்லை, வேன்.

2024 ஜூலையில் பால்மாவில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள், 'சுற்றுலா குறையட்டும், வாழ்வு கூடட்டும்' என்பது கோஷம். குடித்துவிட்டு வாந்தியெடுப்பவர்களை மட்டும் அவர்கள் எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். என்னைப் போன்றவர்களையும் சேர்த்துத்தான். குடும்பத்தோடு வந்து, ஒன்பது மணிக்குப் படுத்து, விரல்ரேகை இருந்தால் புகார் சொல்பவர்களை. எனக்கு அது முதலில் சுருக்கென்று இருந்தது. நான் என்ன தப்பு செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இடம் பிடிக்கிறேன், தண்ணீர் செலவழிக்கிறேன், எனக்கு ஊற்றிக்கொடுக்கவும் பெருக்கவும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குத் தங்க இடம் இல்லை.

'தரமான பயணிகள்' என்று ஒரு சொல்லை இந்த விஷயத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். நகராட்சி சொல்லும், ஹோட்டல் சங்கம் சொல்லும், பத்திரிகைகள் சொல்லும். அந்தச் சொல் எனக்குக் கசக்கிறது. மனிதரின் தரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் கடைசியில் ஓர் இரவுக்கு எவ்வளவு செலவழிக்கிறார் என்பதில்தான் வந்து நிற்கிறது. ஒற்றைச் செருப்போடு நடந்து போன பையன் தரமற்றவன். அதே அளவு குடித்துவிட்டுத் துறைமுகத்தில் சொந்தப் படகில் கவிழ்ந்து கிடப்பவர் தரமானவர், அவருக்கு எந்தச் சட்டமும் திரை இழுப்பதில்லை. அதற்காக அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் தூக்கம் கெட்டுக் கிடக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். கட்டில் விசையும் இரவு 9.30 திரையும் எனக்கு நியாயமாகத்தான் படுகின்றன. விலையை ஏற்றிவிட்டு அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைப்பதுதான் இடிக்கிறது. முன்பு விலையை இறக்கிக் கூட்டம் சேர்த்த தொழிலும் இதேதானே, சில இடங்களில் முதலாளிகளும் அதே ஆட்கள்தானே.

அதுவும் போக, ஏற்றிய விலைக்கு அந்தப் பையன்கள் குடிப்பதையா நிறுத்திவிட்டார்கள்? அலுவலக நண்பரின் தம்பி மகன் இந்த வருடம் பல்கேரியாவில் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போகிறானாம். மலிவாம். இன்னும் பத்து வருடத்தில் அங்கேயும் ஒரு கண்ணாடிக் குளம் வரும் என்று சொன்னேன், அவருக்குப் புரியவில்லை.

நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். கடல் அவ்வளவு அமைதி, இடுப்பளவு தண்ணீரில் நூறு அடி உள்ளே போனாலும் கால்விரல் தெரிந்தது. மகள் நீந்தக் கற்றுக்கொண்டாள், அல்லது அப்படிச் சொல்லிக்கொள்கிறாள். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் மூவரும் புன்டா பயேனா வழியாகவே நடந்தோம், மனைவிதான் பார்க்க வேண்டும் என்றார். (அதற்குள் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, என் போனில் பழைய தேடல்களைப் பார்த்துவிட்டார்.) இசை நெஞ்சில் இடித்தது, வாசல்களில் நின்ற இளைஞர்கள் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த பார் விளம்பர அட்டைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். ஒரு பெண் குனிந்து மகளின் சட்டை அழகாக இருக்கிறது என்றாள், அவளே தள்ளாடிக்கொண்டுதான் இருந்தாள். மூன்று நிமிடத்தில் தெரு முடிந்துவிட்டது. "இவ்வளவுதானா?" என்றார் மனைவி.

கடைசி நாள் அந்தப் பஞ்சாப்காரர் கடையிலேயே நினைவுக்கு ஏதாவது வாங்கலாம் என்று போனோம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தங்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன, எல்லாவற்றிலும் மயோர்க்கா, மயோர்க்கா, மயோர்க்கா. பல்லி, காற்றாலை, பால்மா தேவாலயம். மகள் பிடிவாதமாக நாம் இருந்த ஊர்ப் பெயர் போட்டதுதான் வேண்டும் என்றாள். கடைக்காரர் தேடினார். கீழ்த் தட்டில், திரைக்குப் பக்கத்தில், ஒரு பெட்டி நிறைய இருந்தது. ஒரே மடக்கில் குடிக்கும் குட்டிக் கண்ணாடி டம்ளர்கள். மகலூஃப் என்ற பெயர் அந்தக் கடையில் அதில் மட்டும்தான் இருந்தது, இளஞ்சிவப்பில், பெரிய எழுத்தில்.

ஒன்று வாங்கினோம். இப்போது குளியலறை அலமாரியில் இருக்கிறது, மகள் அதில் ஹேர்கிளிப் போட்டு வைக்கிறாள். விருந்தினர் வரும் நாட்களில் மட்டும் என் மனைவி பெயர் இருக்கும் பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கிறார்.